எங்கும் இறங்கும் ஹெலிகாப்டருக்குத் தளம் எதற்கு? ஓடியம் சொல்லும் விடை

ஹெலிகாப்டருக்கு ஓடுபாதை வேண்டியதில்லை. விளையாட்டுத் திடலிலும் இறங்கும், கப்பலின் மேல்தளத்திலும் இறங்கும். சினூக் போன்ற பெரிய வகை என்றால், மலைச்சரிவில் பின்சக்கரங்களை மட்டும் ஊன்றி, முன்பகுதியை அந்தரத்தில் நிறுத்தியபடியே ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்படிப்பட்ட ஊர்திக்கென்று நாடுகள் பெரும் நிலப்பரப்பை வளைத்து, வேலியிட்டு, ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு அமர்த்தி ஒரு தளத்தை ஏன் நடத்த வேண்டும்? இந்தத் துறையைப் புதிதாக அறிய வருகிறவர்களுக்கு முதலில் எழ வேண்டிய கேள்வி இதுதான். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஓடியம் விமானப்படைத் தளத்தைத் துணையாகக் கொண்டு இதற்கு விடை தேடலாம். அவ்வூர்ப் பெயரின் எழுத்துகளுக்கு நடுவே ஒரு 'ஹ' உண்டு. ஊர்க்காரர்கள் அதை ஒலிப்பதில்லை. ஆகவே ஓடியம் என்றே இங்கு எழுதுகிறேன்.

போர் விமானத் தளம் ஒன்றை வரைபடத்தில் பார்த்தால் ஓடுபாதைதான் முதலில் கண்ணில் படும். மற்றவை எல்லாம் அதை ஒட்டியே அமைந்திருக்கும். ஓடுபாதையில் பள்ளம் விழுந்தால் அன்றைக்குத் தளம் முடங்கிவிடும். ஹெலிகாப்டர் தளத்தில் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வது ஹேங்கர் எனப்படும் பெரிய கொட்டகை. ஊர்தியை உள்ளே இழுத்து நிறுத்தி, பிரித்து, பார்த்து, திரும்பப் பூட்டும் இடம் அது. ஓடியத்தில் ஏறத்தாழ 1,800 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது ஹெலிகாப்டருக்காகப் போடப்பட்டதன்று. அந்த இடத்தின் பழைய வாழ்க்கை விட்டுச்சென்றது.

அந்தப் பழைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1925 முதல் கோடைக்காலப் பயிற்சிக்குப் பயன்பட்டுவந்த புல்தரை, 1930களில் நிரந்தரத் தளமானது. 1937 அக்டோபர் 18 அன்று அதைத் திறந்துவைத்தவர் ஜெர்மானிய விமானப்படையின் உயர் அதிகாரியான எர்ஹார்டு மில்க். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நாட்டோடு பிரிட்டன் போரில் இறங்கியது. போருக்குப் பிறகு ஜெட் விமானங்கள் வந்தன. 1948இல் இத்தளத்தைச் சேர்ந்த 54ஆம் படையணியின் 6 வாம்பயர் விமானங்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்தன. ஜெட் விமானங்கள் அந்தக் கடலைக் கடந்தது அதுவே முதல் முறை. 1953 ஜூலை 15 அன்று, முடிசூடிய இரண்டாம் எலிசபெத் அரசி இங்குதான் தம் விமானப்படையைப் பார்வையிட்டார். 600க்கும் மேற்பட்ட விமானங்கள் அன்று வரிசையாகத் தலைக்கு மேல் பறந்து சென்றன.

ஹெலிகாப்டரின் கதை இதற்கு வெளியே, ஆசியக் காடுகளில் தொடங்குகிறது. மலாயாவில் நடந்த கெரில்லாப் போரில் அடர்காட்டுக்குள் காயம்பட்ட வீரரைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவரவே பல நாட்கள் பிடித்தன. 1950இல் பிரிட்டிஷ் விமானப்படை டிராகன்ஃப்ளை என்னும் சிறிய ஹெலிகாப்டர்களைக் கொண்டு காயமுற்றோரை மீட்கும் சிறு பிரிவு ஒன்றைச் சிங்கப்பூரில் அமைத்தது. 1953இல் அது 194ஆம் படையணியாக வளர்ந்தது. அப்படையின் முதல் ஹெலிகாப்டர் படையணி என்று சொல்லப்படுவது இதுவே. காட்டில் அது மெய்ப்பித்துக் காட்டிய பயனைப் பார்த்த பிறகுதான் ஹெலிகாப்டருக்கென்றே தாய்நாட்டில் தளம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஜெட் விமானங்கள் விடைபெற்றதால் 1959இல் மூடப்பட்ட ஓடியம், 1960இல் ஹெலிகாப்டர் தளமாக மீண்டும் திறக்கப்பட்டது. வேர்ல்விண்டு, பெல்வடியர், வெசக்ஸ், பூமா என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல வகைகள் அங்கே வந்தன. 1980இன் இறுதியில் அமெரிக்கத் தயாரிப்பான சினூக் வரத் தொடங்கியது. அடுத்த ஆண்டே 18ஆம் படையணி அதைக் கொண்டு மறுபடி அமைக்கப்பட்டது. இன்று ஓடியம் என்றால் சினூக், சினூக் என்றால் ஓடியம் என்று சொல்லுமளவுக்கு இரண்டும் ஒன்றிப்போயின.

தளத்தின் தேவையைப் புரிந்துகொள்ள, சினூக்கின் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அதன் முன்னும் பின்னும் இரண்டு பெரிய சுழலிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மூன்று தகடுகள். ஒவ்வொரு சுழலியின் விட்டமும் 18 மீட்டருக்குச் சற்று மேல். இவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றுகின்றன. ஆகவே சாதாரண ஹெலிகாப்டருக்கு வேண்டிய வால் விசிறி இதற்கு வேண்டாம். ஆனால் இரண்டு வட்டங்களும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. முன்சுழலியின் தகடு கடந்துபோன இடைவெளியில் பின்சுழலியின் தகடு நுழைந்து வெளியேற வேண்டும். இது நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. மீன் வெட்டும் இரண்டு கத்திகளை ஒரே பலகையில், ஒன்றையொன்று தொடாமல், கண்ணை மூடிக்கொண்டு மாறிமாறி வீசுவதைப் போன்றது இது. இந்தத் தாளத்தைக் காப்பது கண்ணோ கணினியோ அன்று. ஐந்து பற்சக்கரப் பெட்டிகளும் அவற்றை இணைத்து ஊர்தியின் முதுகு நெடுக ஓடும் தண்டும்தான்.

அந்தத் தாளம் தவறினால் என்ன ஆகும் என்பதை 1986 நவம்பர் 6 அன்று உலகம் பார்த்தது. வட கடலின் எண்ணெய் மேடையிலிருந்து ஷெட்லாந்து தீவுக்குத் தொழிலாளர்களை ஏற்றிவந்த சினூக்கின் குடிமைப் பயன்பாட்டு வகை ஒன்றில், முன்பக்கப் பெட்டியின் பற்சக்கரம் ஒன்று உடைந்தது. சுழலிகளின் ஒத்திசைவு குலைந்து தகடுகள் மோதிக்கொண்டன. 47 பேரில் 45 பேர் இறந்தனர். விமானி பிழை செய்யவில்லை, வானிலையும் கெட்டுவிடவில்லை. உலோகத்தில் ஒரு விரிசல், அவ்வளவுதான். அந்த விரிசலைப் பறப்பதற்கு முன்பே கண்டுபிடிப்பதற்காகவே ஹெலிகாப்டர் தளம் என்ற ஏற்பாடு இருக்கிறது என்று சொன்னால், அது மிகை ஆகாது என்றே நினைக்கிறேன்.

இனிக் கொட்டகைக்குள் போகலாம். பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் ஓடும் வழியில் சிறிய காந்த முனை ஒன்று செருகப்பட்டிருக்கும். உள்ளே உலோகம் எங்காவது தேய்ந்து பொடி உதிர்ந்தால், எண்ணெயோடு சுற்றிவரும் அந்தத் துகள் காந்தத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். தொழில்நுட்பர் அந்த முனையைக் கழற்றி, துணியில் துடைக்கும் முன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மாவு போல மெல்லிய சாம்பல் படலம் இருந்தால் இயல்பான தேய்மானம். மின்னும் செதில் ஒன்று இருந்தால், அன்றைக்கு அந்த ஊர்தி எங்கும் போகாது. நகக்கண் அளவுகூட இல்லாத அந்தச் செதில், 20 டன்னுக்கு மேற்பட்ட எடையோடு பறக்கும் ஊர்தியைத் தரையில் நிறுத்திவிடும்.

அதே கொட்டகையில் கருவிகளை வைக்கும் முறையும் கவனிக்கத் தக்கது. ஒவ்வொரு ஸ்பேனருக்கும், ஒவ்வொரு திருப்புளிக்கும் அதனதன் வடிவிலேயே குழி வெட்டிய தட்டு இருக்கும். கருவியை எடுத்தால் அதன் வெற்றுக்குழி கண்ணில் படும். எடுத்தவர் யார் என்ற அடையாளமும் பதிவாகும். வேலை முடிந்து ஒரே ஒரு குழி காலியாக இருந்தாலும், அந்தக் கருவி கிடைக்கும்வரை ஊர்தியைப் பறக்க விடமாட்டார்கள். எங்கோ மறந்துவைத்த ஸ்பேனர், கட்டுப்பாட்டுத் தண்டுகளுக்கு நடுவே நழுவிப்போய் மாட்டிக்கொண்டால் போதும். அன்றாடச் சோதனைகளும், குறிப்பிட்ட பறப்பு மணிநேரத்துக்கு ஒருமுறை வரும் பெரிய சோதனைகளும் தளத்திலேயே நடக்கும். ஊர்தியை எலும்புக்கூடு தெரியுமளவுக்குப் பிரிக்க வேண்டிய ஆழமான பணிகளில் பல அதே மாவட்டத்தின் கோஸ்போர்ட்டுக்கு அருகில் உள்ள ஃப்ளீட்லாண்ட்ஸ் பணிமனைக்குப் போகும்.

தளத்தின் அருமையை மிகத் தெளிவாகக் காட்டுவது, அது இல்லாமல் போன ஒரு சந்தர்ப்பம்தான். 1982இல் ஃபாக்லாந்து தீவுகளுக்காகப் பிரிட்டனும் அர்ஜெண்டினாவும் மோதிக்கொண்டபோது, 18ஆம் படையணியின் சினூக்குகள் சரக்குக் கப்பல் ஒன்றில் ஏற்றி அனுப்பப்பட்டன. கப்பலின் பெயர் அட்லாண்டிக் கன்வேயர். உதிரிப் பாகங்கள், கருவிகள், பழுதுபார்ப்புக் கையேடுகள் ஆகியவையும் அதிலேயே இருந்தன; அதாவது ஓடியத்தின் ஒரு துண்டு கப்பலில் மிதந்துகொண்டிருந்தது என்று சொல்லலாம். மே 25 அன்று அர்ஜெண்டின ஏவுகணைகள் அந்தக் கப்பலைத் தாக்கின. 12 பேர் உயிரிழந்தனர். மூன்று சினூக்குகள் எரிந்துபோயின. நான்காவது ஊர்தி அந்த நேரத்தில் வானில் இருந்ததால் தப்பியது. இசட்.ஏ.718 என்பது அதன் பதிவெண். பக்கவாட்டில் எழுதியிருந்த பி, என் என்ற இரண்டு எழுத்துகளை வானொலியில் சொல்லும் முறைப்படி பிராவோ நவம்பர் என்று அதை அழைத்தார்கள்.

தப்பிய ஊர்தி இறங்குவதற்கு விமானந்தாங்கிக் கப்பல் கிடைத்தது, பிறகு கரையும் கிடைத்தது. ஆனால் மாற்றுவதற்கு ஒரு திருகாணி இல்லை, பார்ப்பதற்குக் கையேடு இல்லை, ஊற்றுவதற்கு உரிய எண்ணெய் இல்லை. அந்த நிலையில்தான் அது போர் முடியும்வரை பறந்தது. மே 30 இரவு, கென்ட் மலைக்குப் பீரங்கிகளையும் வீரர்களையும் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் பனிப்பொழிவு சூழ்ந்துகொண்டது. உயரமானி தவறாகக் காட்ட, ஏறக்குறைய மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்தி கடல்நீரில் மோதியது. தண்ணீர் தெறித்து இயந்திரங்கள் திணறின. குதிக்கத் தயாராகிய துணை விமானியின் பக்கக் கதவு கழன்று கடலில் விழுந்தது. எப்படியோ ஊர்தி மறுபடி எழும்பியது. தாய்த்தளத்தில் இப்படி நீரில் மோதிய ஊர்தியை வாரக்கணக்கில் பிரித்துப் பார்ப்பார்கள். அங்கோ வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு, கதவில்லாமலேயே மறுபடி பறந்தார்கள். ஒருமுறை, நாற்பது சொச்சம் பேருக்கு மட்டுமே இருக்கை கொண்ட அந்த ஊர்தியில் 81 வீரர்களை நிற்க வைத்து ஏற்றிச் சென்றார்கள். போர் முடிவதற்குள் சுமார் 1,500 வீரர்களையும், 650 போர்க்கைதிகளையும், 550 டன் சரக்கையும் அந்த ஒற்றை ஊர்தி சுமந்தது. அதன் விமானி ரிச்சர்ட் லாங்வொர்திக்குச் சிறப்புப் பறப்புச் சிலுவை விருது வழங்கப்பட்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர், "தளமே இல்லாமல் சமாளித்தார்களே" என்று வியப்பதோடு நிறுத்திவிடுவார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். அந்தச் சமாளிப்பு நீடித்தது மூன்று வாரத்துக்கும் குறைவான காலம். ஜூன் 14 அன்று போர் முடிந்துவிட்டது. அதற்கு முன் ஓடியத்தின் கொட்டகையில் மாதக்கணக்கில் ஒவ்வொரு காந்த முனையையும் கழற்றிப் பார்த்து வைத்திருந்த உழைப்பைத்தான் அந்த ஊர்தி அந்தச் சில வாரங்களில் செலவழித்தது. இன்னும் சில மாதங்கள் அப்படியே பறந்திருந்தால் அந்த முதலும் தீர்ந்திருக்கும்.

தளத்தின் இன்னொரு பாதி, பள்ளிக்கூடம். பிரிட்டிஷ் படையின் ஹெலிகாப்டர் விமானிகள் ஷாபரி தளத்தில் சிறிய ஊர்திகளில் அடிப்படையைக் கற்ற பின்பே ஓடியத்துக்கு வந்து சினூக்கைக் கையாளப் பழகுகிறார்கள். நம் பக்கத்தில் இதற்கு ஒப்பான ஓர் இடம் அரக்கோணத்தில் இருக்கிறது: 1992இல் திறக்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி. நீண்ட ஓடுபாதையும் கண்காணிப்பு விமானங்களும்தான் அதற்குப் பேர் வாங்கித் தந்தன என்றாலும், இந்தியக் கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகளைப் பயிற்றுவிக்கும் 561ஆம் படையணியும் அங்கேதான் இருக்கிறது. சினூக்கும் நமக்கு அந்நியமன்று. இந்திய விமானப்படை 2019இல் சண்டிகரில் அவற்றைப் படையில் சேர்க்கத் தொடங்கியது, மொத்தம் 15.

ஓடியத்தில் கற்பிக்கப்படுவது விமானிக்கு மட்டும் உரிய வித்தை அன்று என்பதை, கீழே சுமையைத் தொங்கவிடும் பயிற்சியில் பார்க்கலாம். சினூக்கின் அடிவயிற்றில் மூன்று கொக்கிகள் உண்டு. பீரங்கியோ வண்டியோ தரையில் காத்திருக்க, ஊர்தி அதன் மேலே வந்து, நின்ற இடத்தில் அசையாமல் மிதக்க வேண்டும். விமானிக்கோ நேர் கீழே இருப்பது தெரியாது. ஊர்தியின் அடித்தளத்தில் உள்ள திறப்பின் வழியே குப்புறப் படுத்துக்கொண்டு கீழே பார்க்கும் பணியாளர், "முன்னே இரண்டு, வலப்பக்கம் ஒன்று, அப்படியே நில்" என்பது போலச் சொல்லிக்கொண்டே வருவார். விமானி அந்தக் குரலை நம்பிக் கைப்பிடியை அசைப்பார். கீழே நிற்பவர்களின் நிலைமை இன்னும் கடினம். தலைக்குச் சில அடி மேலே அந்தப் பெரும் ஊர்தி. சுழலிகள் தள்ளும் காற்று ஆளையே சாய்க்கும். சுழலும் தகடுகளில் காற்றின் உராய்வால் நிலைமின்னேற்றம் சேர்ந்திருக்கும் என்பதால் கொக்கியை வெறுங்கையால் தொடவே கூடாது. முதலில் ஒருவர், நிலத்தோடு கம்பியால் இணைத்த, கைப்பிடி காப்பிடப்பட்ட கோலைக் கொக்கியில் வைத்து மின்னை மண்ணுக்கு இறக்குவார். பிறகுதான் அடுத்தவர் வளையத்தைக் கொக்கியில் மாட்டலாம். இருவரும் குனிந்தபடியே விலகி ஓடுவார்கள். அதன் பின்னரே சுமை எழும். இந்த மூன்று இடத்து மனிதர்களும் ஒருவரையொருவர் அறிந்து, ஒருவர் குரலை மற்றவர் நம்பப் பழகுவதற்கும் ஓர் இடம் வேண்டும். அதற்காகவே பகலிலும் இரவிலும் ஓடியத்தில் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

இப்படிப் பழகியது எதற்குப் பயன்படுகிறது? ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில், மருத்துவரும் செவிலியரும் ஏறிய சினூக், காயமுற்றோர் கிடக்கும் இடத்துக்கே போய் அவர்களை ஏற்றிக்கொண்டு, பறந்துகொண்டிருக்கும்போதே இரத்தம் ஏற்றி உயிரைப் பிடித்துவைத்தது. 2018 முதல் நான்கு ஆண்டுகள் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் பிரெஞ்சுப் படைக்கு உதவியாக மூன்று சினூக்குகள் நின்றன. போருக்குத் தொடர்பில்லாத பணியும் உண்டு. 2019 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலே உள்ள டாட்புருக் நீர்த்தேக்கத்தின் அணை கனமழையில் அரிக்கப்பட்டு உடையும் நிலைக்கு வந்தது. சுமார் 1,500 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். அணையின் உடைந்த சரிவுக்கு லாரி போக முடியாது. ஓடியத்துச் சினூக் ஒன்று, ஜல்லிக்கல் மூட்டைகளைக் கொக்கிகளில் தொங்கவிட்டு வந்து, உடைந்த பள்ளத்தின் மேல் ஒவ்வொன்றாக இறக்கியது; மொத்தம் சுமார் 400 டன். அணை நின்றது, மக்கள் வீடு திரும்பினர். பீரங்கியைத் தூக்கக் கற்ற அதே குரலும் அதே கொக்கியும் அங்கே கல்லைத் தூக்கின.

தளத்தின் அருகில் வாழ்பவர்களுக்கு இது இனிப்பான செய்தி மட்டும் அன்று. சினூக்கின் இரட்டைச் சுழலிகள் எழுப்பும் 'தடதட' ஒலி மைல் கணக்கில் கேட்கும். இருட்டில் பறக்கப் பழக வேண்டும் என்றால் இருட்டில்தான் பறக்க வேண்டும். கோடையில் அங்கே வெகுநேரம் கழித்தே இருட்டும் என்பதால் பயிற்சி நள்ளிரவையும் எட்டிவிடும். தாழப் பறக்கும் ஊர்தியைக் கண்டு குதிரைகள் மிரளும். அந்த அயலாரின் எரிச்சலைச் சிறுமையாக எண்ணக் கூடாது. ஒரு நாட்டின் மீட்புத் திறனுக்கான விலையில் ஒரு பகுதியைத் தூக்கத்தால் செலுத்துபவர்கள் அவர்கள்.

பிராவோ நவம்பர் என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும். ஃபாக்லாந்திலிருந்து திரும்பிய அந்த ஊர்தி பலமுறை பிரிக்கப்பட்டு, இயந்திரமும் மின்னணுச் சாதனங்களும் மாற்றப்பட்டு, ஒவ்வொரு முறையும் புதிய வகையாக வெளியே வந்தது. 2003இல் ஈராக்கில், 2006இலும் 2010இலும் ஆப்கானிஸ்தானில் என்று, அதை ஓட்டிய மேலும் மூன்று விமானிகள் அதே பறப்புச் சிலுவை விருதைப் பெற்றனர். 2021இல் பிரிட்டன் 14 புதிய சினூக்குகளை வாங்க முடிவு செய்தது. பழையவை ஓய்வுபெறத் தொடங்கின. 2022இல் பிராவோ நவம்பர் காஸ்ஃபர்டில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குச் சென்றது. மூன்று வாரம் தளம் இல்லாமல் பறந்து புகழ்பெற்ற ஊர்தி, அதன் பின் நாற்பது ஆண்டுகள் பணியில் இருந்தது கொட்டகையில் அதைப் பிரித்துப் பூட்டிய கைகளால்.